கோப்பை தெற்கே, சாசர் வடக்கே

கிராணியாரே,

கமுந்திங்கில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே மழை. சாதாரண மழை இல்லை, தைப்பிங் பக்கத்து மழை. எதிரில் நிற்கும் பஸ்ஸில் மீன்கள் ஏறி டிக்கெட் கேட்டாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மேசைமேல் ஓர் எனாமல் மங்கு இருக்கிறது. நீல விளிம்பு, அடியில் எனாமல் பெயர்ந்த கறுப்புத் தழும்பு. அதன் வாயை மூடியபடி உமது பீங்கான் சாசர். தைப்பிங்கிலிருந்து வரும் வழியெல்லாம் இரண்டும் பைக்குள் உரசி, 'கிணிங், கிணிங்' என்று பேசிக்கொண்டே வந்தன. பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஏதோ மந்திரவாதி என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தாள். அந்தச் சத்தந்தான் உம்மையும் கூடவே கூட்டிவந்து இந்த எதிர் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது.

நேரில் உம்மை நான் ஒருநாளும் 'நீர்' என்றதில்லை. நீங்க, வாங்க, கிராணியாரே, அவ்வளவுதான். 'நீர்' உமது யாழ்ப்பாணத்து வீட்டுச் சொத்து. நீர் போனபின் சொத்துக்கு உரிமை கொண்டாட வேறு யாரும் வராததால் நானே எடுத்துக்கொண்டேன். பெயரை மட்டும் எழுதமாட்டேன். குடியை விட்டவர்கள் கூடும் நம் தோழமையில் ஒருவன் பெயரை வெளியே சொல்வதில்லை என்பது விதி. நீர் செத்த பிறகும் அந்த விதியை மீறினால் எழுந்து வந்து திருத்துவீர்.

நாம் இருவரும் குடித்த காலத்தில் ஒரே ஊரில் குடித்திருந்தாலும் சந்தித்திருக்க மாட்டோம். நீர் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி. உத்தியோகத்தர் கிளப்பில், மின்விசிறிக்குக் கீழே, கண்ணாடி கிளாஸில் பிராந்தி குடித்தவர், எவரையும் 'ஐசே' என்று இங்கிலீஷ் தோரணையில் கூப்பிட்டவர். நான் தோட்டத்தில் பிறந்து லோரி ஓட்டி, கள்ளில் தொடங்கிச் சம்சு என்ற மலிவுச் சாராயத்தில் பட்டம் பெற்றவன். நான் குடித்த சம்சுவை ஓர் இடத்தில் சேர்த்திருந்தால் கிந்தா ஆற்றில் இன்னொரு வெள்ளம் வந்திருக்கும். குடிக்கும்போது உமக்கு நாற்காலி, எனக்குத் தரை. நிறுத்திய பிறகுதான் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு கிடைத்தது. எழுபதுகளின் நடுவில், ஈப்போவில், சைக்கிள் கடைச் சீன முதலாளி, நம் தவுக்கே, விட்டுக்கொடுத்த மாடி அறையில். தவுக்கேயின் அண்ணன் குடித்தே செத்தவர். வாடகை என்று பேச்செடுத்தால் தவுக்கே கோபப்படுவார்.

கூட்டம் சனிக்கிழமை மாலை, தோட்டங்களில் கள்ளுக்கடை திறக்கிற அதே நேரத்துக்கு. எந்த ஊரில் எந்தக் குழு தொடங்கினாலும் அந்த நேரந்தான். கால்கள் பழக்கத்தில் கிளம்பும்போது அவற்றுக்குப் போக வேறோர் இடம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. கள்ளுக்கடைக்கு அவரவர் கையோடு கொண்டுபோகும் மங்கையே கூட்டத்துக்கும் கொண்டுவர வேண்டும். இனி அதில் தேநீர் மட்டும். குடித்து, கழுவி, சுவரில் தன் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஒருவன் வராவிட்டால் அவன் மங்கு தொங்கிக்கொண்டே இருக்கும். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அடுத்த சனிக்கிழமைக்குள் யாராவது அந்த மங்கை எடுத்துக்கொண்டு, தேநீர் ஆறுகிறது வா என்று கூப்பிட, அவனைத் தேடிப் போக வேண்டும். உலகத்தில் வேறெங்கும் இப்படி உண்டா என்று தெரியாது. பேராக் மாநிலத்து எனாமல் மூளைகள் கண்டுபிடித்தது இது.

உமக்கு மங்கு கிடையாது. நீர் முதல் நாள் வந்தபோது, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பீங்கான் கோப்பையையும் சாசரையும் எடுத்து வைத்தீர். அறை முழுக்கச் சிரித்தது. நான் எழுந்து, இங்கிலாந்து ராணி வழி தவறி நம் மாடிக்கு வந்துவிட்டதாக அறிவித்தேன். நீர் சிரிக்கவில்லை. கோப்பையின் காதை ஆணியில் மாட்டிப் பார்த்தீர், தொங்கியது. சாசரை மாட்ட வழியில்லாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றீர். சாசர் உம் மோதிரத்தில் பட்டுக் 'கிணிங், கிணிங்' என்றது. நான் அதை வாங்கி, என் மங்குத் தேநீரை அதில் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தேன். அப்புறம் அந்தச் சாசர் என்னுடைய வேலைக்காரன் ஆகிவிட்டது.

நம் சனிக்கிழமைகளைப் பற்றி எழுதினால் இந்தக் கடையில் தாள் போதாது. கூட்டம் முடிந்ததும் என் லோரியில் ஏறுவோம். தொங்கிய மங்குகளை உம் மடியில் வைத்துக்கொள்வீர். ஆளைக் கண்டுபிடித்து, பேசி, சில வேளை திட்டு வாங்கித் திரும்புவோம், ஒரு முறை நாயும் துரத்தியது. அந்த நாய் புலிக்குப் பேரன் என்று நான் இன்றும் சாதிப்பேன். என் மனைவி நான் குடித்த காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். வாரத்தின் மற்ற நாட்களில் வீட்டில் நானும் ரேடியோவும். சனிக்கிழமை மட்டுந்தான் எனக்கு ஆள். அந்த ஒரு நாள் இருந்தால் மற்ற நாட்களைக் குடிக்காமல் தள்ளிவிடுவேன் என்று உம்மிடம் ஒரு தடவை சொன்னேன். அன்றைக்கு அதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. நீரும் அது தெரிந்து தலையசைத்தீர்.

பிறகு எண்பதுகள் வந்தன. நம் தோழமை பெருத்தது. பேராக் முழுவதையும் ஈப்போவிலிருந்த ஒரே சேவைக் குழு பார்த்துக்கொண்டது. அந்தக் குழுவில் வருடா வருடம் அதே முகங்கள், அதில் என் முகம் பிரதானம். அதற்கு மேலே கோலாலம்பூரில் தேசிய மன்றம். அவர்கள் ஒரு நாள் வரைபடத்தோடு வந்தார்கள். மாநிலக் குழுக்களைக் கலைத்துவிட்டு நாட்டை மண்டலங்களாகப் பிரிக்கலாம் என்றார்கள். பேராக்கை எங்கே வெட்டுவது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும், எழுத்து வேலை தெரிந்தவராக. எல்லோரும் உம்மைப் பார்த்தார்கள்.

நீர் மாதக்கணக்கில் அந்தக் கோட்டை யோசித்தீர். கடைசியில் கோப்பெங்குக்குத் தெற்கே போட்டீர். ஈப்போ, தைப்பிங், கமுந்திங் எல்லாம் பினாங்கோடு வட மண்டலம். சிலிம் ரிவர், பாகான் டத்தோ எல்லாம் சிலாங்கூரோடு மத்திய மண்டலம். நான் வடக்கே, நீர் தெற்கே. தெற்கில் புதுக் குழு தொடங்க ஆள் இல்லை, நீர்தான் நடத்த வேண்டும். அதுவும் சனிக்கிழமை மாலை, கள்ளுக்கடை நேரத்துக்கு. ஒருவன் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. மண்டலத்தார் தங்கள் ஆட்களைத் தாங்களே தேடிப் போக வேண்டும், அடுத்த மண்டலத்து வேலையில் தலையிடக்கூடாது என்று ஒரு விதியையும் சேர்த்தீர். ஈப்போப் பெரிய மனிதர்கள் தெற்கே வந்து நாட்டாமை பண்ணாமல் இருக்க. யாரைச் சொல்கிறீர் என்று சுவரில் இருந்த பல்லிக்கும் தெரிந்தது.

ஓட்டெடுப்புக்கு முன்னால் நான் எழுந்து பேசினேன். பேராக்கின் பெருமை, ஈயமும் ரப்பரும் கொடுத்த மண், அதை இரண்டாகப் பிளக்க இவர்கள் யார் என்று முழங்கினேன். நான் தொடங்கும்போது மேசையில் இருந்த பச்சை வாழைக்காய் முடிக்கும்போது பழுத்திருந்தது. உட்கார்ந்ததும் நீர் மெதுவாகச் சொன்னீர்: "இவருக்குப் பேராக்கைப் பற்றிக் கவலையில்லை. சனிக்கிழமையைப் பற்றித்தான் கவலை."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் இல்லை.

நீரும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "பாகான் டத்தோவில ஒரு மனுசன் உதவி கேட்டுச் சொல்லியனுப்பினவன். அது ஈப்போவுக்கு வந்து, நாங்கள் கூடிக் கதைச்சு, ஆளை அனுப்ப முந்தி அவன் திரும்பக் குடிக்கத் தொடங்கிட்டான். பக்கத்துச் சிலாங்கூர்ச் சபாக்கில இருந்து எண்டா அண்டைக்கே போயிருக்கலாம். எனக்கும் சனிக்கிழமை இருக்குது, ஐசே," என்றீர். பிறகு உம் கையைத் தூக்கினீர். உம்மைப் பார்த்து ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கோடு நிறைவேறியது.

அன்றைக்கே கோப்பையைக் கழற்றிக் கழுவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றினீர். சாசர் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. "சாசர எடுத்துக்கலையா?" என்று கேட்டேன்.

"அது ஆணியில தொங்காது. நீர் வைச்சிரும். உமக்குத்தானே ஆத்திக் குடிக்கிற பழக்கம்."

குடும்பங்கள் பிரியும்போது நிலம் பிரிப்பார்கள், நகை பிரிப்பார்கள். நாம் கோப்பையையும் சாசரையும் பிரித்துக்கொண்டோம். பஸ் வந்தது. குடையை மடக்கி ஏறினீர். கையசைத்தீரா இல்லையா என்பது கண்ணாடியில் மழை ஓடியதால் எனக்குத் தெரியவில்லை. அசைத்தீர் என்றே வைத்திருக்கிறேன்.

கோடு வேலை செய்தது, கிராணியாரே. அதை மறைக்க மாட்டேன். தெற்கே தோட்டத்துக்குத் தோட்டம் குழு முளைத்தது. வடக்கே பினாங்கிலிருந்து நல்லவர்கள் வந்தார்கள், இங்கிலீஷில் அழகாகப் பேசினார்கள், நேரத்துக்கு முடித்தார்கள். நான் ஒரு வேடிக்கை சொன்னால் மரியாதையாகச் சிரித்தார்கள். உலகத்திலேயே தனிமையான சத்தம் அந்த மரியாதைச் சிரிப்புத்தான். கூட்டம் முடிந்ததும் அவர்கள் பினாங்குக்குப் போய்விடுவார்கள். லோரியின் பக்கத்து இருக்கையில் நான் என் சட்டையை மடித்து வைத்து ஓட்டினேன், காலியாகத் தெரியாமல் இருக்க.

பிறகு சில சனிக்கிழமை நான் போகவில்லை. காரணம் எதுவும் இல்லை. என் மங்கு தொங்கியது. புதியவர்களுக்கு மங்கு வழக்கம் தெரியாது, சுவர் அலங்காரம் என்று நினைத்திருப்பார்கள். யாரும் வரவில்லை. ஒரு பகலில் நான் கடைத்தெருவுக்குப் போய்ச் சம்சு ஒரு தட்டைப் போத்தல் வாங்கி வந்து மேசைமேல் வைத்தேன். திறக்கவில்லை. அதன் எதிரே உட்கார்ந்தேன். ரேடியோவை நிறுத்தினேன், போத்தலுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று. எவ்வளவு நேரம் இருந்தேனோ, அதற்குள் இமயமலை ஓரங்குலம் வளர்ந்திருக்கும்.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. யாரு என்று கேட்டேன்.

"மத்திய மண்டலம்," என்றது வெளியில் இருந்து.

திறந்தால் நீர். நனைந்த குடை, இஸ்திரி போட்ட சட்டை, கையில் என் மங்கு. சைக்கிள் கடை மாடியிலிருந்து எடுத்து வந்திருந்தீர். உள்ளே வந்து போத்தலைப் பார்த்தீர். அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மங்கை அதன் பக்கத்தில் வைத்தீர். "தேத்தண்ணி ஆறுது, ஐசே. வாரும்," என்றீர்.

நான் உடனே வாதாடினேன். "கோட்டத் தாண்டி வந்துட்டீங்களே கிராணியாரே, நீங்க எழுதுன சட்டம் என்னா ஆவுறது லா?"

"கோடு குழுவுக்குப் போட்டது. உமக்குப் போட்டதெண்டு ஆர் சொன்னது?"

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மண்டல விஷயம், வெளியில சொல்ல ஏலாது என்றீர், முகத்தில் ஒரு கோடும் அசையாமல். போத்தலை நீர் ஊற்றவும் இல்லை, எடுத்துப் போகவும் இல்லை. அது உம்மட சாமான் என்று விட்டுவிட்டீர். தெருமுனைக் கடையில் தேநீர் வாங்கி என் மங்கில் ஊற்றிக் குடித்தோம், நான் சாசர் இல்லாமல் நாக்கைச் சுட்டுக்கொண்டு. உம்மைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து நானே போத்தலைக் கால்வாயில் கவிழ்த்தேன். எங்கள் தெரு எலிகள் அன்று அரசியல் கூட்டம் நடத்தின என்பது ஊரறிந்த செய்தி.

அதன்பின், ஒரே ஒரு நாள் தவிர, நான் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. புதியவர்களுக்கு மங்கு வழக்கத்தையும் சொல்லிக்கொடுத்தேன். உமக்குக் கடிதம் எழுதவில்லை, நீரும் எழுதவில்லை. நமக்கு அது பழக்கமில்லை. நீர் தெற்கே இருக்கிறீர் என்பது போதுமாக இருந்தது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, சைக்கிள் கடை தவுக்கே மாடிப்படியில் என்னை நிறுத்தினார். சிலிம் ரிவர் கிராணி ஏன் இப்போது போன் பண்ணுவதில்லை என்று கேட்டார். எந்தப் போன் என்றேன். அவர் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நீர் கோடு போட்டுப் போன நாளிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும், கூட்டம் முடிந்த கையோடு, கடைக்குப் போன் செய்து ஒரே கேள்வி கேட்பீராம்: லோரிக்காரன் மங்கு ஈரமா, காய்ந்ததா? தவுக்கே மாடி ஏறிப்போய்த் தொட்டுப் பார்த்து, "பாசா, பாசா," ஈரம், ஈரம் என்று சொல்வாராம். நான் வராமல் இருந்தபோது மட்டும் காய்ந்துவிட்டது என்று சொன்னாராம். இத்தனை வருடம் அந்த மனிதர் என் மங்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், நீர் தொலைவிலிருந்து அவர் விரலால் தொட்டுக்கொண்டிருந்தீர், எனக்குத் தெரியாது. இப்போது சில வாரமாக மணி அடிக்கவில்லை என்றார் தவுக்கே.

அன்று கூட்டத்தில் உட்காரவில்லை. நேரே பஸ் ஏறினேன்.

உம் வீட்டு வாசலில் பந்தல் பிரித்த குழிகள் மூடாமல் இருந்தன. உமது மனைவி என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "அறிவிச்சாச்சு எண்டல்லோ சொன்னவை. உங்களுக்கு வரேல்லையா?" என்றார். வரவில்லை என்று நான் சொல்லவில்லை. தாமதமாகிவிட்டது என்றேன். செய்தி விதிப்படிதான் புறப்பட்டிருக்கிறது, கிராணியாரே. தெற்குக் குழுவிலிருந்து மத்திய மண்டலம், அங்கிருந்து தேசிய மன்றம், அங்கிருந்து பினாங்கு, பினாங்கிலிருந்து ஈப்போ. நான் உம் வீட்டிலிருந்து திரும்பிய பிறகு ஒரு கூட்டத்தில் அதை இங்கிலீஷில் வாசித்தார்கள். மத்திய மண்டலத்தில் ஒரு மூத்த உறுப்பினர் மறைந்தார். ஒரு காற்புள்ளி தவறில்லை. நீர் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்.

உம் தோட்டத்துக் குழு அறைக்கும் போனேன். தோட்டத்தில் பாதி இப்போது எண்ணெய்ச் செம்பனை, மீதியை வீட்டு மனைக்கு அளந்துகொண்டிருக்கிறார்கள். அறை மட்டும் அப்படியே இருந்தது. எனாமல் மங்குகளின் நடுவே ராணியின் கோப்பை. தூசி படிந்திருந்தது, வழக்கப்படி யாரும் தொடவில்லை. அங்கே ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரர், நீர் தேடிப் போய்க் கூட்டிவந்தவராம், என்னிடம் கேட்டார்: "அண்ணே, கோப்ப சும்மா தொங்குது. வழக்கப்படி யாராச்சும் எடுத்துக்கிட்டுத் தேடிப் போவணும். எங்க போறது?"

கோப்பையை எனக்கே கொடுக்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். ஈரத் துணியால் துடைத்து, அதே ஆணியில் திரும்ப மாட்டினேன். எடுத்து வந்திருந்தால் அங்கே ஓர் ஆணி வெறுமையாய்ப் போயிருக்கும், இங்கே என் வீட்டில் ஒரு பீங்கான் சும்மா கிடந்திருக்கும். எனக்குச் சாசர் போதும்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை மாலை நான் வீட்டுக்கு வந்ததும் என் காது தானாக ஒரு போன் மணிச் சத்தத்துக்குக் காத்திருக்கிறது. என் வீட்டில் போன் கிடையாது. இருந்தும் காத்திருக்கிறது. இந்தக் காதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எதிர்ச்சந்தில் வாடகை அறையில் ஒருவன் இருக்கிறான். தோட்டம் மூடிய பிறகு இங்கே தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்தவன். தைப்பிங் குழுவில் அவன் மங்கு காய்ந்து தொங்கியது. அவர்கள் ஆள் அனுப்புவார்கள், தீர்மானம் போட்டு. நான் அதற்கு முன்னால் இந்த மங்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சாசரைத் துணைக்குக் கொண்டுவந்தேன். உள்ளே அவன் மேசைமேல் என்ன இருக்குமோ தெரியாது. இருந்தால் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்.

மழை தூறலாகிவிட்டது. கடைக்காரர் இந்த மங்கில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். சாசரால் மூடி வைத்திருக்கிறேன், இன்னும் சூடு இருக்கிறது. கிளம்புகிறேன், கிராணியாரே.

கதவைத் தட்டினால் யாரு என்று கேட்பான். எனக்குப் பட்டங்கள் எத்தனையோ உண்டு. லோரிப் பேரரசர், ஈப்போ மாநகரின் கடைசி உண்மை விளம்பி. அதில் ஒன்றையும் சொல்லப்போவதில்லை. நான் வடக்கைச் சேர்ந்தவன், பதிவு அப்படித்தான் இருக்கிறது, நீர் போட்ட கோடு அப்படித்தான் சொல்கிறது. இருந்தாலும் யாரு என்று அவன் கேட்கும்போது, மத்திய மண்டலம் என்றுதான் சொல்வேன்.